கண் நிற்கும் இடம்

மழைக்காலம் வந்துவிட்டால் ஆவடியில் எங்கள் தெருவில் செய்தித்தாளின் தலைப்புச் செய்திக்கு மவுசு குறைந்துவிடும். உள்பக்கத்தில் வரும் ஒரு சின்னப் பெட்டியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று மேலிருந்து கீழே ஏரிகளின் பெயர்கள். முழு உயரம், இன்றைய உயரம், கொள்ளளவு, இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என்று பக்கவாட்டில் கட்டங்கள். செம்பரம்பாக்கத்துக்கு 24 அடி, 3,645 மில்லியன் கன அடி என்பவை மாறாத எண்கள். மற்றவை தினமும் மாறும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பெட்டியைப் படிக்கும்போது ஆள்காட்டி விரலைத் தாளின் மேல் வைத்துக்கொள்வார். விரல் செம்பரம்பாக்கத்தில் இறங்கும். நடுவில் இருக்கும் கட்டங்களில் நிற்காமல் நேரே கடைசிக் கட்டத்துக்குப் போய் நிற்கும். "இருப்பு எவ்ளோன்னு பாக்கலையா சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "அது கெடக்கட்டும் தம்பி. எவ்ளோ தொறந்து உடுறான்னு தெரிஞ்சா போதும். பொண்ணு அனகாபுத்தூர்ல இருக்கா" என்றார்.

அவருடைய விரல் போன வழியைத்தான் உலகின் பல ஆய்வுக்கூடங்கள் கண்ணில் தேடிக்கொண்டிருக்கின்றன. ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்க்கும் மனிதரின் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எதைத் தாண்டுகிறது என்று பதிவுசெய்து, அதிலிருந்து நல்ல வரைபடம் எது என்று கண்டுபிடிப்பது ஒரு பாதி. பதிவான லட்சக்கணக்கான கண்ணசைவுப் புள்ளிகளை மனிதர்கள் புரிந்துகொள்ளும்படி வரைபடமாக்குவது மறுபாதி. கண்ணைக் கொண்டு படத்தைச் சோதிக்கிறார்கள். படத்தைக் கொண்டு கண்ணைக் காட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே துறையாகப் பார்க்கும் பழக்கம் கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் வலுப்பெற்றது. இதுவரை அது என்ன கண்டுபிடித்திருக்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், நம் ஊர் வாசகருக்கு அதில் என்ன இடம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் கண். ஒரே பார்வையில் எல்லாமே தெளிவாகத் தெரிவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் துல்லியமாகத் தெரிவது மிகச் சிறிய வட்டம் மட்டும். கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அளவுதான் விழித்திரையின் மையக்குழி தெளிவாகப் பார்க்கும் பரப்பு, சுமார் 2 பாகை. மற்றதெல்லாம் மங்கல். அதனால்தான் கண் ஓயாமல் தாவுகிறது. ஒரு வினாடிக்கு மூன்று அல்லது நான்கு தாவல்கள். தாவல் முடிந்து கண் நிற்கும் நேரம் பெரும்பாலும் 200 முதல் 300 மில்லிசெகண்ட். தாவும்போது ஏறக்குறைய எதுவும் தெரிவதில்லை, நின்றால்தான் பார்வை. படிக்கும்போது கண் வரியின் மேல் சீராக வழுக்கிச் செல்லவில்லை, தாவித் தாவித்தான் செல்கிறது என்பதை 1870களின் இறுதியில் பாரிசில் எமில் ஷாவாலின் ஆய்வகம் கவனித்தது. பிறகு அமெரிக்காவில் எட்மண்ட் ஹூயி, விழியின் மேல் ஒரு சிறு வில்லையைப் பொருத்தி, அதோடு ஓர் அலுமினிய முள்ளை இணைத்துக் கண்ணசைவைப் பதிவுசெய்தார். அவருடைய நூல் 1908-ல் வந்தது. அந்தச் சோதனைக்கு உட்கார்ந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மரியாதை வருகிறது.

இன்றைய கருவி கண்ணைத் தொடுவதில்லை. திரைக்குக் கீழே ஒரு பட்டை. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வருகிறது. கருவிழியின் மேல் அது ஒரு சிறு மினுக்கலாகத் தெறிக்கும். அந்த மினுக்கலுக்கும் பாவையின் நடுவுக்கும் உள்ள தொலைவையும் திசையையும் கேமரா கணக்கிடும். தொடங்குமுன் திரையில் ஒன்பது புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி உங்கள் கண்ணுக்கேற்பக் கருவியைச் சரிசெய்வார்கள். மூக்குக்கண்ணாடியின் எதிரொளி இதைக் குழப்பும். சன்னல் வழியாக வரும் வெயிலும் குழப்பும். கண்ணில் தீட்டிய மையும் குழப்பும், ஏனென்றால் கருமையான பாவையைத் தேடும் மென்பொருள் மையையும் பாவையென்று எண்ணிவிடும். நம் ஊரில் இந்தச் சோதனையை நடத்த நினைப்பவர் முதல் நாளே சந்திக்கப்போகும் சிக்கல் இது.

நல்ல கருவியின் பிழை அரைப் பாகை. 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திரையில் அது அரைச் சென்டிமீட்டர். ஒரு படத்தில் முகத்தைப் பார்த்தாரா, மரத்தைப் பார்த்தாரா என்று சொல்ல இது தாராளமாகப் போதும். ஏரிப் பட்டியலில் நெருக்கமாக அச்சான இரண்டு எண்களில் எதைப் பார்த்தார் என்று சொல்லப் போதாது. வரைபட ஆய்வுகள் பலவற்றின் அடியில் இந்த அரைச் சென்டிமீட்டர் சந்தேகம் இருக்கிறது. முடிவுகளை வண்ணமயமாக வெளியிடும்போது அது மறைந்துவிடுகிறது.

ஆவடியிலிருந்து இதை எழுதுவதற்குச் சிறப்பான காரணம் ஒன்று உண்டு. 1961-ல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965 இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் இங்கேதான். இரண்டு தலைமுறையாக இந்த ஊரின் பெரும்பகுதி கேஜ், டயல், வரைபடத் தாள் இவற்றைப் பார்த்தே சம்பாதித்தது. கண்ணசைவையும் எண்களைக் காட்டும் கருவியையும் முதன்முதலில் தீவிரமாக இணைத்துப் பார்த்ததும் இதே போன்ற ஓர் இருக்கையில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பால் ஃபிட்ஸும் அவருடைய குழுவினரும், கருவிகளை மட்டும் நம்பித் தரையிறங்கும் 40 விமானிகளின் கண்களை சினிமா கேமராவில் படம்பிடித்து, சட்டம் சட்டமாகக் கையால் எண்ணினார்கள். 1950-ல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்ன மூன்று விதிகள் இன்றும் நிற்கின்றன. ஒரு டயலை எத்தனை முறை பார்க்கிறார் என்பது அதன் முக்கியத்துவத்தைக் காட்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பது அதைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும். எதிலிருந்து எதற்குத் தாவுகிறார் என்பது டயல்களை எப்படி அடுக்க வேண்டும் என்பதைக் காட்டும்.

நீண்ட நேரம் பார்த்தால் அது பிடித்திருக்கிறது என்று விளம்பரத் துறையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஃபிட்ஸ் கண்டது அதற்கு நேர்மாறு. நீண்ட பார்வை, புரியாத பார்வையாகவும் இருக்கலாம்.

இனி வரைபடங்களுக்கு வருவோம். எந்த வகை வரைபடத்தில் மனிதர்கள் அளவைச் சரியாகக் கணிக்கிறார்கள் என்பதை 1984-ல் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் சோதித்தார்கள். ஒரே அளவுகோலில் நிற்கும் பட்டைகளின் உயரத்தை ஒப்பிடுவது எளிது. கோணங்களை ஒப்பிடுவது கடினம். வட்டப் படத்தைவிடப் பட்டைப் படம் நல்லது என்ற அறிவுரையின் பின்னால் இருப்பது இதுதான். ஆனால் விடை சரியா தவறா என்பதை மட்டுமே அந்தச் சோதனை சொன்னது. விடைக்குப் போகும் வழியில் வாசகர் எங்கே தடுமாறினார் என்பது தெரியவில்லை.

அந்த வழியைக் காட்டியவர்கள் பாட்ரிசியா கார்ப்பென்டரும் பிரீத்தி ஷாவும். 1998-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், கோட்டு வரைபடத்தைப் பார்க்கும் கண் கோட்டிலேயே தங்கவில்லை. கோட்டிலிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து தலைப்புக்கு, அங்கிருந்து எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் ஓரக் குறிப்புக்கு, மறுபடியும் கோட்டுக்கு என்று திரும்பத் திரும்பப் போய்வந்தது. கோட்டின் வடிவம் ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். அது எதன் கோடு என்று பொருத்துவதில்தான் பெரும்பகுதி நேரம் செலவானது. நம் பள்ளிப் பாடநூல்களிலும் அரசு அறிக்கைகளிலும் ஐந்து வண்ணக் கோடுகளைப் போட்டுவிட்டு, ஐந்து சின்னப் பெட்டிகளைப் படத்துக்கு வெளியே மூலையில் வைக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மூலைவரை ஒரு நடை. பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதிவிட்டால் அந்த நடை மிச்சம். இந்தத் துறை தந்த மிகப் பயனுள்ள பாடம் இதுவே என்பேன்.

இன்னொரு பெரிய ஆய்வு மிஷெல் போர்க்கின் குழுவினருடையது; ஹார்வர்டு, எம்.ஐ.டி. வட்டத்தில் நடந்து, 2015-ல் முன்வைக்கப்பட்டது. செய்தித்தாள், அரசு அறிக்கை, அறிவியல் இதழ் எனப் பல இடங்களிலிருந்து 393 வரைபடங்களை எடுத்து, 33 பேரிடம் ஒரு படத்துக்கு 10 வினாடி வீதம் காட்டி, கண்ணைப் பதிவுசெய்தார்கள். பிறகு நினைவிலிருப்பதை எழுதச் சொன்னார்கள். கண் அதிகம் தேடியதும் நினைவில் நின்றதும் தலைப்பும் எழுத்தும். படத்தை வரைபவர் வண்ணத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைத் தலைப்பு வாக்கியத்துக்குச் செலவிட்டால் நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பர்ச் குழுவினர் 2011-ல் கிளைப்படங்களைச் சோதித்தார்கள். மேலிருந்து கீழே விரியும் மரமா, நடுவிலிருந்து சுற்றிலும் விரியும் வட்ட மரமா? வட்ட மரத்தில் விடை காண நேரம் அதிகமானது. கண்ணசைவுப் பதிவு இல்லாமல் நேரத்தை மட்டும் பார்த்திருந்தால், வட்டத்தில் விடையைத் தேடுவதே கடினம் என்று முடிவு கட்டியிருப்பார்கள். பதிவு சொன்ன கதை வேறு. சோதனையில் பங்கேற்றவர்கள் விடையைக் கண்டுபிடித்த பிறகும் சரிதானா என்று மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தேடுவதில் போன நேரமும் சந்தேகத்தில் போன நேரமும் கடிகாரத்துக்கு ஒன்றுதான். இரண்டையும் பிரித்துக் காட்டியது கண்.

இப்போது இந்தத் துறையின் ஆணிவேரான கேள்வி. கண் நின்ற இடத்தைப் பார்த்து, மனம் என்ன செய்தது என்று சொல்லலாமா? சோவியத் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் யார்பஸ், இலியா ரெப்பினின் ஓவியம் ஒன்றைக் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார். இந்தக் குடும்பத்தின் வசதி என்ன? இவர்களுக்கு என்ன வயது? கேள்வி மாறியதும் அதே கண் அதே ஓவியத்தில் வேறு வழியில் போனது. அவருடைய நூல் 1967-ல் ஆங்கிலத்தில் வந்தபிறகு, பார்வையின் வழியைத் தீர்மானிப்பதில் கேள்விக்குப் பெரும்பங்கு உண்டு என்பது எல்லோரும் ஏற்ற கருத்தாயிற்று.

எங்களுக்கு யார்பஸின் ஓவியம் அந்த ஏரிப் பெட்டிதான். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடிவரை தண்ணீர் திறக்கப்பட்டு அடையாறு பொங்கியது. அதன்பிறகு பல மாதங்கள் எல்லோருடைய கண்ணும் வெளியேற்றக் கட்டத்தில் நின்றது. 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கம் போன ரயில் ஆவடியைக் கடந்துதான் போனது. அப்போது அதே பெட்டியில் எல்லோருடைய கண்ணும் இருப்புக் கட்டத்தில் நின்றது. அட்டவணையில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியது தாகமும் பயமும்.

சரி, தலைகீழாகப் போகலாமா? கண் போன வழியைக் கொடுத்து, கேட்கப்பட்ட கேள்வி எது என்று கணினியால் சொல்ல முடியுமா? 2012-ல் மிஷெல் கிரீன், ஜெரெமி வுல்ஃப் ஆகியோரின் குழு முயன்று, முடியவில்லை என்றது. 2014-ல் அலி போர்ஜியும் லாரன்ட் இட்டியும் அதே தரவை வேறு முறையில் ஆராய்ந்து, குருட்டு யூகத்தைவிட மேலாகச் சொல்ல முடிகிறது என்றார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா கொனாட்டியின் குழு, பட்டைப் படம் பார்க்கும் கண்ணிலிருந்து அவர் செய்யும் வேலையையும் அவருடைய சில மனத்திறன்களையும் ஓரளவு கணித்தது. வாசகர் தடுமாறினால் படமே தன்னை மாற்றிக்கொண்டு உதவ வேண்டும் என்பது அவர்களின் கனவு. நல்ல கனவுதான். ஆனால் "யூகத்தைவிட மேல்" என்பதற்கும் "தெரியும்" என்பதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது.

கண் இருக்கும் இடத்தில்தான் மனமும் இருக்கிறது என்று 1980-ல் மார்செல் ஜஸ்டும் பாட்ரிசியா கார்ப்பென்டரும் முன்வைத்த கருதுகோள், வரி வரியாகப் படிக்கும்போது பெரும்பாலும் பொருந்தும். வரைபடத்தில் அது தளர்ந்துவிடுகிறது. ஏறும் கோட்டின் ஏற்றத்தை ஓரப் பார்வையிலேயே உணர்ந்துவிடுகிறோம். கண் அங்கே போகத் தேவையில்லை. எனவே கண் நிற்காத இடத்தை வாசகர் கவனிக்கவில்லை என்று எழுதுவது பிழை. கவனிக்காதவரும் ஏற்கெனவே தெரிந்தவரும் பதிவில் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள்.

கண்ணசைவைப் படமாக்கும் மறுபாதியில் இந்தப் பிழை இன்னும் பெருகுகிறது. வினாடிக்கு ஆயிரம் முறை பதியும் கருவி, ஒருவர் பத்து நிமிடம் பார்த்தால் ஆறு லட்சம் புள்ளிகளைத் தரும். அதை எப்படிக் காட்டுவது? நமக்குப் பழக்கமானது ஹீட் மேப். படத்தின் மேல் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கறை படிந்ததுபோல் இருக்கும். சிவப்பென்றால் அதிகம் பார்த்த இடம். பார்த்ததும் புரிந்துவிட்டதாகத் தோன்றும், அதுதான் ஆபத்து. ஒருவர் பத்து வினாடி முறைத்த இடமும், பத்துப் பேர் ஆளுக்கு ஒரு வினாடி பார்த்த இடமும் ஒரே சிவப்பு. எது முதலில், எது பிறகு என்பது போய்விடுகிறது. கறையை எவ்வளவு பரவவிடுவது என்பதை ஆய்வாளர் ஒரு எண்ணை மாற்றித் தீர்மானிக்கிறார். அந்த எண்ணைப் பலர் அறிக்கையில் எழுதுவதே இல்லை. வரிசையைக் காட்டுவதற்கு வட்டங்களையும் கோடுகளையும் போடும் முறை உண்டு. நின்ற நேரத்துக்கேற்ப வட்டம் பெரிதாகும். ஒருவருக்கு அழகாக இருக்கும். ஐந்து பேரைச் சேர்த்தால் சிக்கெடுக்க முடியாத நூல்கண்டு.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. படத்தை முன்கூட்டியே பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வண்ணம் கொடுத்து, ஒவ்வொருவர் பார்வையையும் நேரவரிசையில் ஒரு நீண்ட பட்டையாக்குவது. கரைபோட்ட துண்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக விரித்துப் போட்டதுபோல் இருக்கும். யார் தலைப்பில் தொடங்கினார், யார் அச்சுக்குப் போகவே இல்லை என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். ஏரிப் பெட்டிக்கு இது அற்புதமாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே கட்டங்கள் தயாராக இருக்கின்றன. ஸ்டுட்கார்ட்டின் தான்யா பிளாஷெக் உள்ளிட்டோர் 2014-ல் இவ்வகை முறைகளையெல்லாம் திரட்டி ஓர் ஆய்வுத் தொகுப்பு தந்தார்கள். அடுத்த ஆண்டு சிகாகோவில், கண்ணசைவுக்கும் காட்சிப்படுத்தலுக்குமான முதல் தனிப் பட்டறை நடந்தது. முறைகள் பெருகிவிட்டன. ஆனால் வெளியே உலவும் அறிக்கைகளில் இன்னும் ஹீட் மேப்தான் ஆள்கிறது. வானவில் வண்ணங்கள் இல்லாத எல்லையை இருப்பதாகக் காட்டிவிடும் என்று 2007-லேயே டேவிட் போர்லண்டும் ரஸ்ஸல் டெய்லரும் எச்சரித்திருந்தார்கள். புயல் நாட்களில் ரேடார் படத்தின் பச்சையையும் சிவப்பையும் வாட்ஸ்அப்பில் பகிரும் நமக்கு இது நேரடியாகவே பொருந்தும். மழை படிப்படியாகக் கூடும் இடத்தில் வண்ணம் சட்டென்று மாறி ஒரு சுவரை எழுப்பிவிடுகிறது.

இத்தனை அளவீடுகளும் யாருடைய கண்ணிலிருந்து வந்தவை? பெரும்பாலும் ஆங்கிலமும் ஐரோப்பிய மொழிகளும் படிக்கும் மாணவர்களிடமிருந்து. ஆங்கிலம் படிக்கும் கண், நின்ற இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்துகளையும் வலப்பக்கம் 14, 15 எழுத்துகள்வரையும் பயன்படுத்திக்கொள்கிறது என்று கீத் ரெய்னர் காட்டினார். வலமிருந்து இடமாகப் படிக்கும் ஹீப்ரூவில் இந்தச் சாய்வு திசை மாறியது. ஆக, எழுத்து முறை கண்ணின் பழக்கத்தை மாற்றுகிறது. தமிழில் ஒகரத்தின் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. எகரத்தின் குறி, ஒலிப்பில் பின்னால் வந்தாலும், எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்கின்றன. வரைபடத்தின் அடியில் "செம்பரம்பாக்கம்" என்று எழுத இடமில்லாமல் சாய்த்தோ நட்டுக்குத்தலாகவோ எழுதுகிறோம். அதைப் படிக்கத் தமிழ்க் கண்ணுக்கு ஆகும் கூடுதல் நேரத்தை ஆங்கில ஆய்வுகளிலிருந்து கடன் வாங்க முடியாது.

இந்தியாவில் வழி தெரியாமல் இல்லை. அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பதிவான இந்தி வாசகர்களின் கண்ணசைவுத் தொகுப்பை வைத்து சமர் ஹுசைன், ஸ்ரவண் வசிஷ்ட், நாராயணன் ஸ்ரீநிவாசன் மூவரும் 2015-ல் ஆய்வு வெளியிட்டார்கள். சென்னைக்கு இன்னும் நெருக்கமானது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிரதீப்தா பிஸ்வாஸ் குழுவினர் செய்தது. 1985-ல் தொடங்கிய சென்னை வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, பேச்சும் கையசைவும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இளைஞர்கள் கண்ணாலேயே கணினியை இயக்கும் திரையை உருவாக்கினார்கள். அந்த இளைஞர்களின் கண்கள் தாமே விரும்பாத தாவல்களைச் செய்தன; திரையின் எல்லாப் பகுதிகளுக்கும் சமமாகப் போகவும் இல்லை. ஆகவே சராசரிக் கண்ணுக்காக வரைந்த திரையை அப்படியே கொடுக்காமல், அவர்களுடைய கண்ணை அளந்து பார்த்து, அதற்கேற்பத் திரையை அமைத்தார்கள். இங்கே கண்ணசைவு ஆய்வு யாருக்கோ விற்பதற்கான தகவல் ஆகவில்லை. ஒரு பிள்ளை "தண்ணீர் வேண்டும்" என்று சொல்வதற்கான வழி ஆயிற்று. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் அசைத்தது இதுதான்.

சாதாரண வெப்கேமராவிலேயே கண்ணசைவைப் பிடிக்கும் மென்பொருள் 2016 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பிழை பல சென்டிமீட்டர் இருக்கும். ஏரிப் பெட்டியைச் சுவரொட்டி அளவுக்குத் திரையில் பெரிதாக்கினால் போதும். ஆவடியைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஏரிப் பெட்டியைப் படிக்கும் ஊர்க்காரர்களின் கண்ணை இறுதியாண்டு மாணவர்கள் ஒரு பருவமழைக் காலத்தில் இப்படிப் பதிவுசெய்யலாம். பார்ப்பவரிடம் கட்டாயம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். கண்ணின் பதிவு ஒருவருடைய தடுமாற்றத்தையும் திறனையும் காட்டிக்கொடுக்கும் என்பதை மேலே பார்த்தோம். பார்த்து முடித்ததும் பதிவை அவருக்கே போட்டுக் காட்டி, "இங்கே ஏன் நின்றீர்கள்?" என்று கேட்க வேண்டும். அந்த விடை இல்லாத சிவப்புக் கறையை நான் ஏற்க மாட்டேன்.

போன மழைக்காலத்தில் பெரியவரிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, அந்தப் பெட்டியை அவர் விருப்பப்படி வரைந்து தரச் சொன்னேன். நான்கு ஏரிகளையும் எழுதவில்லை. செம்பரம்பாக்கம் என்று மேலே எழுதி, கீழே ஒரே ஒரு எண்ணைப் பெரிதாகப் போட்டார். அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணைச் சின்னதாக எழுதினார். "இது நேத்து தொறந்தது" என்றார்.